கொடியில் ஒரு வெள்ளை விரிப்பு

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு வரியை முதலில் அண்ணனிடம் படித்துக் காட்டிவிடுங்கள். மீதியை அவர் எப்படியும் காதில் வாங்க மாட்டார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நவம்பரில் நான் கிளம்பும்போது உங்கள் முகம் வெளுத்துக் கிடந்தது. கேட்டதற்கு வாயுத் தொல்லை என்றீர்கள். இப்போது தேவலையா?

இங்கே லென்ஸ் பட்டறையை மூடிவிட்டார்கள். "கண்ணாடிக் கடையில விக்கத் தெரிஞ்சா போதுமா, லென்ஸ் தேய்க்கவும் கத்துக்கோ" என்று முதலாளி என்னை இவ்வளவு தூரம் அனுப்பினார். கற்று முடிக்கிற நேரத்தில் காய்ச்சல் வந்து ஊரையே சாத்திவிட்டது. ரயில் ஓடவில்லை. விடுதி அறையில் வரிசையாகக் கட்டில்கள், ஆள் நான் ஒருத்திதான். நாளுக்கொரு கட்டிலில் படுத்துப் பார்க்கிறேன். ஜன்னலுக்குக் கீழே தெரு நாள் முழுக்கத் தூங்குகிறது. மணிக்கூண்டு மட்டும் யாருக்கோ மணி சொல்லிக்கொண்டிருக்கிறது.

நேற்றுக் கனவில் நம் வீட்டு மாடிப்படி கடலுக்குள் இறங்கிப் போனது. தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வருகிறேன். மேலே நீங்கள் துணி காயப்போட்டுக்கொண்டே, "ஈரத்தோட உள்ள வராதே" என்று அதட்டுகிறீர்கள். கனவிலும் திட்டு வாங்க வேண்டும் என்று என் தலையெழுத்து.

எங்களைப் போல மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நம் துறைமுகத்துக்கு வரப் போகிறதாம். பெயர் கொடுத்துவிட்டேன். நம் துறைமுகத்தின் வாய் குறுகல், இழுவைப் படகு வந்து இழுத்தால்தான் பெரிய கப்பல் உள்ளே போக முடியும் என்று இங்கே பேசிக்கொண்டார்கள். "அந்தப் படகை ஓட்டறதே எங்க அண்ணன்தான்" என்று பெருமையடித்தேன். உடனே ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்.

உங்கள்
கண்ணாடிக்காரி


பிப்ரவரி 25

கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் வந்தது. இங்கே இருவரும் சுகம். வெளியூர்க் கடிதங்களைத் தபால் ஆபீசில் வெயிலில் காயப்போட்டுத்தான் தருகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் பிரித்தேன். ஓரம் கருகி, கடைசிப் பக்கத்தில் ஒரு வரியே போய்விட்டது. முக்கியமாக இருந்தால் திரும்ப எழுது.

வாயுவெல்லாம் சரியாகிவிட்டது. அதைப் பற்றி நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கிறது. உன் அண்ணன் தினமும் போய்ப் படகைத் துடைத்துவிட்டு வருகிறார். இன்னும் துடைத்தால் தகடு தேய்ந்துவிடும் என்று சொன்னேன். உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்தேன். "ம்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தானாகவே வந்து, "மீதி என்ன எழுதியிருக்கா?" என்றார். மழை வருகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். கப்பலேறி நேராக வீட்டுக்கு வா. கனவில் வந்த மாதிரி ஈரத்தோடு வந்தாலும் பரவாயில்லை.

உன் அண்ணி


மார்ச் 14, கப்பலில்

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் சுகம், கடலும் சுகம். வீட்டில் எப்படி?

வந்துவிட்டோம் என்று எழுதத்தான் ஆசை. அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். உள்ளே விட இன்னும் உத்தரவு இல்லை. தண்ணீர்ப் படகுக்காரர் வாரத்துக்கு ஒரு தரம் வருகிறார். அவர் கயிற்றில் கட்டி அனுப்பும் வாளிதான் இனி நம் தபால் பெட்டி.

காலையில் மூடுபனி விலகும்போது முதலில் நம் குன்று வருகிறது, பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக, யாரோ நினைத்து நினைத்து எடுத்து வைப்பது போல. அப்போது எல்லோரும் தளத்துக்கு வந்துவிடுவோம். நாங்கள் ஊரைப் பார்க்கிறோமா, ஊர் எங்களைக் கனவு காண்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

நான் சும்மா இருப்பேனா? பட்டறையில் நானே தேய்த்த லென்ஸ் இரண்டைக் காலண்டர் அட்டைக் குழாயில் பொருத்தித் தொலைநோக்கி செய்துவிட்டேன். ஒரே குறை, எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. குன்று வானத்திலிருந்து தொங்குகிறது. நம் மாடி தெரிகிறது. நேற்று நீங்கள் நீலக் கவுனில், தலைகீழாக நின்று, துணிகளை மேல்நோக்கிக் காயப்போட்டீர்கள். கூப்பிட்டேன். உங்களுக்கு எங்கே கேட்கும்.

என் அறையில் நம் கடைத்தெரு ரொட்டிக்கடைக்காரம்மா இருக்கிறார். விடிந்ததும் குழாயைப் பிடுங்கி, தன் கடைப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பார். "பாரு, இன்னும் அடுப்பு பத்த வெக்கல. என் புள்ள இன்னும் தூங்கறான்!" என்று கடலைப் பார்த்துத் திட்டுவார். புகை கிளம்பியதும் சாந்தமாகிவிடுவார். எங்கள் அறைக்கு அதுதான் கடிகாரம்.

நாளைக்கு அண்ணன் வந்துவிடுவார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள்
கண்ணாடிக்காரி


மார்ச் 21

கண்ணாடிக்காரிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ குளிர்காற்றில் நிற்காதே.

குழாயாம் குழாய்! இத்தனை வருஷமாக மாடிக்கு எப்படி வேண்டுமானாலும் போய் வந்துகொண்டிருந்தேன். இனித் தலை வாரிக்கொண்டு போக வேண்டும் போலிருக்கிறது. அதில் என்னவெல்லாம் தெரிகிறது? முகம் தெரிகிறதா, ஆள் மட்டும்தானா? விவரமாக எழுது.

இழுவைப் படகுக்காரர்கள் கொட்டகையில் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். கப்பலை இழுத்து வருபவர்களும் உங்களோடு துறைமுகக் கிடங்கில்தான் தங்க வேண்டுமாம், டாக்டர் விடும்வரை வீட்டுக்கு வர முடியாதாம். அதனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அவர்களாகக் கை தூக்கிச் சம்மதித்தால்தான் உண்டு என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஊரிலும் ரெண்டு பேச்சு. நம்ம ஜனங்கள்தானே, கொண்டு வாங்க என்கிறார்கள் சிலர். காய்ச்சலையும் சேர்த்துக் கொண்டு வரணுமா என்கிறார்கள் சிலர். எனக்கு இந்தக் கூட்டமெல்லாம் எங்கே புரிகிறது.

உனக்குக் கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 30, கப்பலில்

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். கம்பளி என்னைவிட ரொட்டிக்கடைக்காரம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

முகம் தெரியாது அண்ணி, கவலைப்படாதீர்கள். ஆள் தெரியும், துணி தெரியும். இப்போது ஆளும் தெரிவதில்லை. மாடிக்கு வந்ததும் முதல் காரியமாகக் கடல் பக்கத்துக் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்டிவிடுகிறீர்கள். அதற்குப் பின்னால்தான் மற்ற வேலை. ஒரே விரிப்பைத் தினமும் துவைத்தால் எங்கே தாங்கும்? அல்லது என் மேல் ஏதாவது கோபமா?

தண்ணீர்ப் படகுக்காரர் கீழிருந்து கத்தினார்: "கூட்டம் முடிஞ்சுதும்மா! உங்க அண்ணன் கையைத் தூக்கல. அவர் தூக்காததால மத்தவங்களும் தூக்கல!" அவருக்கு வெண்கலக் குரல். தளத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எழுந்து நாற்காலி கொடுத்தவரும் இந்தக் கப்பலில்தான் இருக்கிறார், இன்றைக்கும் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் உட்காரத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அண்ணன் கைக்கு என்ன? சுளுக்கா? எண்ணெய் போட்டு நீவி விடுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 8

கண்ணாடிக்காரிக்கு,

எல்லோரும் சுகம்.

இந்த வாரம் சோப்பும் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். சோப்பைத் தண்ணீரிலேயே ஊறப் போடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

விரிப்பு பெரியது, காயவே மாட்டேன் என்கிறது. வேறொன்றும் இல்லை.

உன் அண்ணன் மாடிக்கு வந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நேற்று ஒரு கனவு கண்டேன். கடல் வற்றிப் போய், உங்கள் கப்பல் நம் தெருவிலேயே வந்து நிற்கிறது. நீ ஏணி வைத்து இறங்கி வருகிறாய். நான் கதவைத் திறக்க வருகிறேன், கதவைக் காணவில்லை. வெறும் சுவர். தடவித் தடவிப் பார்க்கிறேன்.

அந்தக் கப்பலில் குழந்தைகள் இருக்கிறார்களா?

உன் அண்ணி


ஏப்ரல் 15, கப்பலில்

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். நீங்கள் சுகமாக இருங்கள், அதுதான் இப்போது முக்கியம்.

குழந்தைகள் இருக்கிறார்கள். தளத்தில் கட்டம் போட்டு நொண்டி விளையாடுகிறார்கள். அலை ஆட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து சிரிக்கிறார்கள். ஒரு சின்னவள் என்னிடம், "ஊரு நிஜமா? இல்ல படம் மாட்டி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன்.

என்னை மேல் தளத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல காற்று. ரொட்டிக்கடைக்காரம்மா இப்போது என்னோடு இல்லை. குழாய் முழுக்க எனக்கே. ஆனாலும் விடிந்ததும் பழக்கத்தில் புகைபோக்கியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை அண்ணி. இங்கே படுத்தபடியே கடலைப் பார்க்கலாம். காலையில் உங்கள் பின்னால் வெயில் ஏறும்போது நம் மாடியைப் பார்ப்பேன். அழகாக இருக்கிறது. ஒன்று சொல்கிறேன், ஏன் எதற்கு என்று கேட்காதீர்கள். வாளியை நிரப்பித் தூக்க வேண்டாம். அதிகம் குனிய வேண்டாம். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 29

கண்ணாடிக்காரிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? இந்தத் தடவை இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

தண்ணீர்ப் படகு இரண்டு தடவை வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படகுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். கத்திப் பேசுகிற மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு, "வாளியில ஒண்ணும் வரலம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ரொட்டிக்கடை மூடிக் கிடக்கிறது. புகைபோக்கியில் புகை இல்லை. அந்தப் பிள்ளை கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நான் சீக்கிரம் எழுந்திருக்கறேனான்னு அம்மா கடைசியா கேட்டாங்களாம்" என்றான்.

மேல் தளத்தில் காய்ச்சல்காரர்களைத்தான் வைக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நல்ல காற்றாம். வாளியைத் தூக்காதே என்று ஏன் எழுதினாய்? உனக்கு என்ன தெரியும்?

எழுது. ஒரு வார்த்தையாவது எழுது.

அண்ணி


மே 5, கப்பலில்

அண்ணி,

இது என் கையெழுத்து இல்லை என்று பயப்படாதீர்கள். நொண்டி விளையாடுகிற சின்னவளின் அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எனக்குக் காய்ச்சல். பேனா பிடித்தால் எழுத்து நழுவிப் போகிறது. மற்றபடி சுகம் என்று எழுதச் சொன்னேன். அவள் எழுத மாட்டேன் என்கிறாள்.

அந்த விரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்து மறைக்கத்தானே கட்டினீர்கள்? காலை வெயில் உங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது அண்ணி. விரிப்புக்குப் பின்னால் நீங்கள் பக்கவாட்டில் திரும்பி நின்றால், நிழல் அப்படியே வெள்ளைத் துணியில் விழுகிறது. விரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு நீலப் புள்ளிதான் தெரிந்திருக்கும். விரிப்பைக் கட்டி நீங்களே எனக்கு வரைந்து காட்டினீர்கள். ஏப்ரல் மாதம் முழுக்க அந்த வயிறு வளர்வதை நான் பார்த்தேன். தலைகீழாகத்தான். ஆனாலும் அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் கண்ணை மூடினால் அந்த நிழல் கடல் மேல் நடந்து வந்து என் கட்டில் ஓரத்தில் உட்காருகிறது.

அண்ணன் ஏன் கையைத் தூக்கவில்லை என்று அந்த நிழலைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்காக அவர் தூக்க வேண்டாம். மனசாரச் சொல்கிறேன், எனக்காக வேண்டாம். ஆனால் என் ஒருத்திக்குத்தான் நான் சொல்ல முடியும். இதை எழுதுகிறவளுக்காக என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டே அழுகிறாள்.

கண்ணாடிக்காரி


மே 7

என் கண்ணே,

மருந்து சாப்பிடு. தண்ணீர் குடி. நாளைக்கு மறுநாள் வரை பொறுத்துக்கொள்.

அவரைத் தடுத்தது நான்தான். முன்னால் உண்டான ஒவ்வொரு தடவையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஊரெல்லாம் இல்லை என்று சொல்லி, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுப் போட்டு அலுத்துவிட்டேன். இந்தத் தடவை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. கப்பல் பேச்சு வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சலோட பழகிட்டு நீங்க வீட்டுக்கு வந்தா, இதுக்கு ஏதாவது ஆயிடும். போகாதீங்க" என்றேன். அன்றிலிருந்துதான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நேற்று உன் கடிதத்தை இஸ்திரி போடவில்லை. அப்படியே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டுக் குன்றிலிருந்து இறங்கிக் கொட்டகைக்குப் போனேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று நின்றுகொண்டே சொன்னேன்:

"இவர் கை தூக்காததுக்கு நான்தான் காரணம். இந்தக் குழந்தைக்காக உங்க எல்லார் கையையும் நான்தான் கீழ பிடிச்சு வெச்சேன். நாளைக்கு இது வளர்ந்து, அத்தை எங்கன்னு கேட்டா நான் எங்க கை காட்டறது? கடலையா?"

உன் அண்ணன் கையைத் தூக்கவில்லை. எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் தொப்பியைத் தேட ஆரம்பித்தார்கள். நாளை மறுநாள் உங்கள் கப்பலை இழுக்க வருகிறார்கள்.

பிரசவத்துக்கு அவர் இருக்க மாட்டார். அது தெரிந்துதான் அனுப்புகிறேன். பக்கத்து வீட்டு நர்ஸ் இருக்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். கிடங்குக்குக் கடிதம் வந்து சேர நாளாகும். அதனால் நீங்கள் இருவரும் கொடியைப் பாருங்கள். நான் பிழைத்துக் கிடந்தால் நீலக் கவுன் கொடியில் இருக்கும். குழந்தை நன்றாக இருந்தால் சின்னத் துணிகள் இருக்கும். விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனி அது எதற்கு.

உன் அண்ணி


மே 28, துறைமுகக் கிடங்கு

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், கோணல் என்னுடையதுதான். சின்னவளும் அவள் அம்மாவும் அடுத்த வரிசையில் இருக்கிறார்கள். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ஊர் நிஜம்தான் என்று சின்னவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

கிடங்கின் நடுவில் ஒரு கயிறு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அண்ணனும் படகுக்காரர்களும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணன் என்னை முதல் தடவை பார்த்தபோது, "இளைச்சிட்ட" என்றார். நான் அழுதுவிட்டேன்.

குழாயை அவருக்குக் கொடுத்துவிட்டேன். சோப்புத் துணியால் துடைத்துத்தான் வாங்கிக்கொண்டார். மூன்று நாளாகக் கொடி வெறுமையாகக் கிடந்தது. அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. நேற்றுச் சாயங்காலம் நீலக் கவுன் ஏறியது. அது மட்டும். நர்ஸ் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. நாங்கள் இருட்டும்வரை பார்த்தோம். அண்ணன் குழாயைக் கீழே வைத்துவிட்டு, "அவ இருக்கா. அது போதும்" என்றார். அந்தக் குரலை இனி ஒரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை அண்ணி.

இன்று காலை மூடுபனி விலகும்போது அவர் பார்க்கவே இல்லை. நான்தான் வெறும் கண்ணால் பார்த்தேன். நீலக் கவுனுக்குப் பக்கத்தில் வெள்ளையாக என்னவோ, பறவைகள் வந்து உட்கார்ந்த மாதிரி. "அண்ணா, குழாய எடு" என்றேன். எடுத்துப் பார்த்தார். கொடி நிறையச் சின்னத் துணிகள். உங்கள் நர்ஸுக்கு நேற்று அவற்றைத் துவைக்க நேரமில்லை போலிருக்கிறது. அந்த அம்மா கையால் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் திட்ட வேண்டும்.

அண்ணன் குழாயைத் திருப்பித் தரவில்லை. எல்லாம் தலைகீழாத் தெரியுமே என்றேன். "குழந்தைங்க அப்படித்தான் வருதுங்க" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. படகுக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவரையே எழுதச் சொன்னேன், நீயே எழுது என்றுவிட்டார். அதனால் அவர் கேட்டதை நான் எழுதுகிறேன். உங்களால் மாடி ஏற முடிகிற அன்றைக்கு, அந்த வெள்ளை விரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, காலை வெயிலில் கடல் பக்கத்துக் கொடியில் ஒரு தடவை கட்டுவீர்களாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதற்குப் பின்னால் வந்து நிற்பீர்களாம்.

நிழல் போதுமாம் அண்ணி.

உங்கள்
கண்ணாடிக்காரி